பத்து மரமா, பத்து மரங்களா?

ஆசிரியத் தொழிலில் புதிதாகப் புகுந்த காலத்தில், ஒரு மாணவனின் கட்டுரை ஏட்டில் நான் செய்த திருத்தம் ஒன்று இன்றளவும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. “நேற்று அடித்த காற்றில் எங்கள் தோட்டத்தில் பத்து மரம் சாய்ந்தன” என்று அச்சிறுவன் எழுதியிருந்தான். ‘மரம்’ என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே ‘மரங்கள்’ என்று எழுதி, அரை மதிப்பெண்ணும் குறைத்தேன். மறுநாள் மாலை அவனுடைய பாட்டனார் அந்த ஏட்டுடன் வந்தார். முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். சண்டைக்கு வரவில்லை, பணிவாகத்தான் கேட்டார்: “வாத்தியாரையா, நாங்க தினம் ஐந்நூறு மரம் சீவுனோம். ஒருநாளும் ஐந்நூறு மரங்கள் சீவுனதில்லையே. பையன் எங்கே தப்புப் பண்ணினான், சொல்லுங்க.”

ஒன்றுக்கு மேற்பட்டால் பெயர்ச்சொல்லில் பன்மை விகுதி வந்தே தீரவேண்டும், அதுதான் இலக்கணம் என்று விடை கூறினேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த இலக்கணம் எந்த நூலில் இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். பின்னர்த் தேடிப் பார்த்தபோதுதான், அது தமிழ் இலக்கண நூலில் உள்ளதன்று, நான் படித்த ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் உள்ளது என்பது புலனாயிற்று.

இப்பிழை என் ஒருவனோடு நின்றதாயின் இதனை எழுதவேண்டிய தேவையில்லை. ஆனால் பல மொழிகள் வழங்கும் இந்நாட்டில், ஒரு மொழியின் விதியை மற்றொரு மொழியின் மேல் ஏற்றிவிடுதல் நமக்கு மிக எளிதாக நேர்கிறது. ஆகவே, பொருள் பலவாதலை மொழிகள் எவ்வெவ்வாறு காட்டுகின்றன என்பதைச் சற்று அகன்ற நோக்கிலே பார்த்துவிட்டு, பிறகு அச்சிறுவனின் தொடருக்கு வருவோம்.

ஒரே சொல் பல நாடுகளுக்குப் பயணம் செய்து, சென்ற இடமெல்லாம் அவ்வவ்விடத்து உடையை அணிந்துகொண்ட கதை ஒன்று உண்டு. நூல் என்னும் பொருளுடைய ‘கிதாப்’ என்ற அரபுச் சொல்லே அது. அரபியில் இதன் பன்மை ‘குத்துப்’. விகுதி ஏதும் ஒட்டவில்லை. க், த், ப் என்னும் மெய்கள் நின்ற இடத்திலேயே நிற்க, இடையிலுள்ள உயிர்கள் மட்டும் மாறிவிட்டன. இதே சொல் துருக்கிக்குச் சென்று ‘கிதாப்லர்’ எனப் பின்னொட்டுப் பெற்றது. பாரசீகத்தில் ‘ஹா’ சேர்ந்தது. இந்தி, உருதுவில் ‘கிதாபேன்’ என ஈறு திரிந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் நடந்ததுதான் வேடிக்கை. அம்மொழி சொல்லின் முன்னே ஒட்டுச் சேர்த்து எண் காட்டுவது. அதில் ‘கி’ என்பது ஒருவகைப் பெயர்களின் ஒருமை முன்னொட்டு, ‘வி’ என்பது அதற்குரிய பன்மை. ஆகவே ‘கிதாபு’ என்ற சொல்லைக் கேட்ட மக்கள் அதன் முதலெழுத்தையே ஒருமை ஒட்டாகக் கொண்டு, பல நூல்களை ‘விதாபு’ என்று அழைக்கலாயினர். மலாய்மொழியோ சொல்லையே இருமுறை கூறி ‘கித்தாப்-கித்தாப்’ என்றது. நம் முஸ்லிம் பெருமக்கள் ‘கிதாபுகள்’ என்கின்றனர்.

உயிர் மாற்றம், பின்னொட்டு, முன்னொட்டு, இரட்டித்தல் எனப் பன்மையாக்கும் முறைகளுள் பெரும்பாலானவற்றை இந்த ஒரு சொல்லிலேயே கண்டுவிட்டோம். இவற்றுள் பின்னொட்டு முறையே உலகில் பெருவழக்கு. மாத்யூ டிரையர் என்னும் மொழியியலார் 1,066 மொழிகளை ஆராய்ந்து வகுத்த பட்டியலில் 513 மொழிகள் பின்னொட்டு முறையைக் கொண்டவை. முன்னொட்டு உடையவை 126. சொல்லை முழுதும் இரட்டிப்பதையே தலையாய முறையாகக் கொண்டவை 8 மட்டுமே. நம் மலாய்ச் சகோதரரின் வாயில் நாள்தோறும் கேட்கும் முறை உலக அளவில் அத்துணை அரியது. பெயர்ச்சொற்குப் பன்மைக் குறியே இல்லாதவை 98. அவற்றைப் பேசும் மக்கள் ஒன்றையும் பலவற்றையும் வேறுபடுத்த அறியாதவர் அல்லர். வேறுபாட்டைப் பெயரின் மேல் சுமத்தவில்லை, அவ்வளவுதான்.

மலாய் இரட்டிப்பைப் பற்றி ஒரு சொல். இரட்டித்தால் பன்மை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ‘குரா-குரா’ என்பது பல ஆமையன்று, ஓர் ஆமையே. ‘கூலா’ சர்க்கரை, ‘கூலா-கூலா’ மிட்டாய். ‘மாத்தா’ கண், பழைய மலாயாவில் ‘மாத்தா-மாத்தா’ காவற்காரர். ‘குனோங்-கானாங்’, ‘குவே-முவே’ என ஓசை மாற்றி இரட்டிக்கும்போது வெறும் பன்மையோடு, ‘மலைகளும் அவை போன்றனவும்’, ‘பலவகைப் பலகாரமும்’ என்ற பொருள் தோன்றுகிறது. முன்னாளில் ‘பூக்கு’ என்று எழுதிப் பக்கத்தில் 2 என்னும் இலக்கம் இட்டு இரட்டிப்பைக் காட்டுவர். 1972ஆம் ஆண்டின் புதிய எழுத்து முறை வந்தபின் முறையான எழுத்தில் அவ்வழக்கம் மறைந்தது. பழைய அறிவிப்புப் பலகைகளைப் படித்தவர்க்கு அந்த 2 நினைவிருக்கும். தமிழும் இரட்டிப்பை அறியாததன்று. ‘மூட்டை மூட்டையாக’, ‘வீடு வீடாக’, ‘கூட்டம் கூட்டமாக’ என்பவற்றில் நாம் செய்வதும் அதுவே.

கடன் வாங்கிய சொற்களில் எண் குழம்புவது இயல்பு. அரபியில் ‘ஆலிம்’ ஒருமை, ‘உலமா’ பன்மை. மலாயில் ஓர் அறிஞரையும் ‘உலமா’ என்பர். ‘ஹர்ஃப்’ என்பதன் பன்மையான ‘ஹுருஃப்’ மலாயில் ‘ஹுருப்’ ஆகி, ஓர் எழுத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு மறுதலையாக நிகழ்ந்தது. பட்டாணியைப் பண்டு ‘பீஸ்’ என்றனர். அது ஒருமை வடிவமே. இறுதி ஓசையைப் பன்மைக் குறியென மயங்கி, அதனை வெட்டி, ‘பீ’ என்று இல்லாத ஒருமையைப் படைத்துக்கொண்டனர். சுவாகிலி மக்கள் ‘கிதாபு’க்குச் செய்ததையே ஆங்கிலேயரும் பட்டாணிக்குச் செய்தனர்.

ஒருமைதான் அடிப்படை, அதன்மேல் ஏதேனும் சேர்த்தால்தான் பன்மை என்று நாம் நினைக்கிறோம். பிரிட்டனிலேயே, ஆங்கிலத்தின் அண்டைமொழியான வெல்ஷ் மொழி இந்நினைப்பைத் தலைகீழாக்குகிறது. அங்கே ‘அடர்’ என்றால் பறவைகள். அதனோடு ஓர் ஈறு சேர்த்து ‘அடெரின்’ என்றால்தான் ஒரு பறவை. ‘பிளாந்த்’ குழந்தைகள், ‘பிளென்ட்டின்’ ஒரு குழந்தை. கூட்டமாகவே காணப்படுவனவற்றைக் கூட்டமாகவே பெயரிட்டு, ஒன்றைப் பிரித்தெடுக்கும்போது அடையாளம் இடுகின்றனர். எறும்பையும் நெல்லையும் நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

எண் இரண்டே என்பதும் இல்லை. வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை என மூன்று உண்டு. அரபியில் இன்றும் இருமை வழங்குகிறது. பீஜித் தீவின் பழங்குடியினர் மொழியில் இடப்பெயர்கள் ஒருவர், இருவர், சிலர், பலர் என நான்காகப் பகுக்கப்படும். ஜோசஃப் கிரீன்பர்க் 1963இல் வெளியிட்ட ஆய்வில், இருமை உள்ள மொழியில் பன்மை கட்டாயம் இருக்கும் என்றும், மும்மை உள்ள மொழியில் இருமையும் இருக்கும் என்றும் கூறினார். தமிழில் இருமை இல்லை. இரண்டேயான கண்ணையும் கையையும் நாம் பெரும்பாலும் ஒருமையிலேயே சொல்கிறோம். ‘கை கழுவிவிட்டு வா’ என்றால் ஒரு கையை மட்டும் நனைத்து வரும் குழந்தை இல்லை. ‘பற்களைத் துலக்கு’ என்று எந்தத் தாயும் சொல்லக் கேட்டதில்லை.

இனி நம் வினாவின் கருவுக்கு வருவோம். ‘பத்து’ என்ற எண்ணே முன்னால் நிற்கும்போது பெயரும் பன்மைக் குறி ஏற்கவேண்டுமா? ஆங்கிலம் ‘ஆம்’ என்கிறது. துருக்கிமொழியில் பன்மை விகுதி இருந்தும், எண்ணுப்பெயருக்குப் பின் அது வாராது. ‘ஓன் கிதாப்’, அதாவது பத்து நூல், என்பதே சரி. ஹங்கேரி மொழியிலும் அவ்வாறே. வெல்ஷிலும் எண்ணுக்குப்பின் ஒருமைதான். மலாயில் ‘செபுலோ பாத்தாங் பொக்கோக்’ என்பர். எண் வந்துவிட்டால் இரட்டித்தல் கூடாது, நீண்ட பொருளுக்குரிய அளவுச்சொல்லாகிய ‘பாத்தாங்’ மட்டும் இடையில் வரும். சீனமொழியிலும் எண், அளவுச்சொல், பெயர் என்பதே வரிசை. ரஷ்ய மொழி இரண்டுக்கும் மூன்றுக்கும் நான்குக்கும் ஒரு வடிவம், ஐந்து முதல் வேறு வடிவம் என்று கேட்டு மாணவர்களை வருத்துவது, அது தனிக்கதை. நம்மைச் சுற்றியுள்ள மலாயும் சீனமும் எண்ணுக்குப்பின் பெயரை வாளா விட, நம்மில் பலர்க்கு ஆங்கிலம் ஒன்றே அளவுகோலாயிற்று.

தமிழ் என்ன சொல்கிறது? தொல்காப்பியர் அஃறிணை இயற்பெயர்களைப் பற்றிக் கூறுமிடத்து, ‘கள்’ என்னும் ஈறு அவற்றோடு கொள்ளுமிடத்துப் பொருந்திவந்து பலவற்றை உணர்த்தும் என்கிறார். எங்கும் வரவேண்டும் என்று கட்டளையிடவில்லை. அதனோடு, அத்தகைய பெயர் ஒன்றைக் குறிக்கிறதா பலவற்றைக் குறிக்கிறதா என்பதை அது கொண்டு முடியும் வினையால் அறியலாம் என்றும் வகுத்துள்ளார். நன்னூலாரும் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரிட்டு, ஒன்றன்பால், பலவின்பால் இரண்டுக்கும் பொதுவாக்கினார். ‘மரம் சாய்ந்தது’ என்றால் ஒன்று; ‘மரம் சாய்ந்தன’ என்றால் பல. பெயர் பேசாமல் நிற்க, வினை எண்ணைச் சொல்லிவிடுகிறது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், இம்மொழிகளில் அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதி பெறுதல் அருகியே காணப்படுவது என்பதை ஐரோப்பிய மொழிகளினின்று வேறுபடும் இயல்புகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார்.

இந்த ஒளியில் மாணவனின் தொடரை மீண்டும் பாருங்கள். ‘பத்து’ என்ற எண் பன்மையைச் சொல்கிறது. ‘சாய்ந்தன’ என்ற வினையும் சொல்கிறது. இரண்டு சான்று போதாதென்று மூன்றாவதையும் கேட்டு, அது இல்லாமைக்கு அரை மதிப்பெண்ணைப் பறித்தேன்.

அப்படியானால் ‘கள்’ வீண் சுமையோ எனின், அன்று. வினை எழுவாயின் எண்ணை மட்டுமே காட்டும். செயப்படுபொருளின் எண்ணைக் காட்டாது. ‘அவன் மரத்தை வெட்டினான்’ என்றால் ஒன்றென்றே கொள்வோம். குறிப்பிட்ட பலவற்றை வெட்டினான் என்று சொல்ல ‘மரங்களை’ என்றே எழுதவேண்டும். இங்கே வினையும் உதவாது, எண்ணும் இல்லை. மாறாக, ‘அவன் மரம் வெட்டுகிறான்’ என்னும்போது எத்தனை என்பதே நம் கருத்தன்று, தொழிலே கருத்து. ஆக, ‘மரம்’, ‘மரத்தை’, ‘மரங்களை’ என்னும் மூன்றும் மூன்று வகையாகப் பொருள்படுகின்றன. எங்கும் ‘கள்’ ஒட்டுக என்று கற்பிக்கும்போது இந்நுட்பத்தை மாணவரிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். பேச்சிலும் இது உயிரோடிருக்கிறது. ‘அந்த மாடுங்களை ஓட்டு’ என்பவரே, ‘எங்ககிட்ட நாலு மாடு இருக்கு’ என்பார்.

உயர்திணையின் நிலை வேறு. ‘பத்து மாணவன் வந்தார்கள்’ என்று எழுதினால் அது பிழையே. எந்தத் தோட்டத்துப் பாட்டனாரும் அதற்கு வழக்காட வரமாட்டார். ‘மாணவர் பதின்மர்’ என்றோ ‘பத்து மாணவர்கள்’ என்றோதான் வரவேண்டும். மக்களுக்கு மட்டும் பன்மையைக் கட்டாயமாக்கி, பிறவற்றை விருப்பத்திற்கு விடும் இப்பாகுபாடு தமிழுக்கே உரிய தனிச்சிறப்பு என்று சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. சீனத்தில் ‘மன்’ என்னும் பன்மை ஒட்டு மக்களைக் குறிக்கும் பெயர்களுக்கே பெரும்பாலும் வரும். மலாயில் ‘பாரா’ என்னும் முன்மொழி ‘பாரா குரு’ என மாந்தர்க்கே உரியது. எண்ணிக்கையில் மனிதனுக்கு முதலிடம் தரும் போக்கு உலகெங்கும் உண்டு என்பது மொழியியலார் கண்ட முடிபு. அப்போக்கைத் திணை என்று பெயரிட்டு இலக்கணத்தின் தலைவாயிலிலேயே நிறுத்தியதைத் தமிழ் இலக்கணத்தார்க்குரிய பெருமையாகச் சொல்லலாம்.

தொல்காப்பியத்தில் அஃறிணைக்குரியதாகக் கூறப்பட்ட ‘கள்’ உயர்திணைக்குள் எவ்வாறு நுழைந்தது? பண்டு ‘அர்’, ‘ஆர்’, ‘மார்’ முதலியனவே மக்கட் பன்மையைக் காட்டின. பாட்டுத் தொகைகளுள் பிற்பட்டதாகப் பலரும் கருதும் கலித்தொகையில் ‘அரசர்கள்’ என்ற வடிவம் உண்டு. திருக்குறளில் ‘பூரியர்கள்’, ‘மற்றையவர்கள்’ என்னும் இரண்டு சொற்கள் இருப்பதைக் காட்டி, அந்நூலின் காலத்தைக் கணிக்க முற்பட்டவர்களும் உளர். பவணந்தியார் காலத்தில் இது வழக்கில் ஊன்றிவிட்டமையால் நன்னூல் இதற்கு இடமளித்தது.

காரணம் மரியாதையே என்று கருதுகிறேன். ‘அவர்’ என்பது பலரைக் குறித்த சொல். ஒருவரையே உயர்வு கருதி ‘அவர்’ எனக் கூறத் தொடங்கியபின், அச்சொல் பன்மையை ஐயமின்றிக் காட்டும் ஆற்றலை இழந்தது. இழந்ததை ஈடுசெய்யவே ‘அவர்கள்’ பிறந்தது. பன்மையின்மேல் பன்மை. பின்னர் ‘தலைவர் அவர்கள்’ என்று அதனையும் ஒருவருக்கே சூட்டிவிட்டோம்! ‘நீர்’ ‘நீர்கள்’ ஆகாமல் ‘நீங்கள்’ வந்தது வேறு வடிவ வரலாறு. ஆனால் அதுவும் இன்று ஒருவருக்குரிய மரியாதைச் சொல்லாயிற்று. இரட்டைப் பன்மை ஆங்கிலத்திலும் உண்டு. ‘சைல்ட்’ என்பதன் பழைய பன்மையில் ஏற்கெனவே ஒரு ரகர ஈறு இருந்தது. அது பன்மையாகத் தோன்றாதபோது, ‘ஆக்ஸன்’ என்பதில் உள்ள னகர ஈற்றையும் சேர்த்து ‘சில்ட்ரன்’ ஆக்கினர். ‘சில்ட்ரன்’ எனும் சொல்லைக் கற்பிக்கும்போது ‘அவர்கள்’ என்பதை நினைவூட்டினால் மாணவர் மறக்கமாட்டார்.

‘கள்’ என்றவுடன் ஆசிரியர்கள் எழுப்பும் மற்றொரு வினா, ‘எழுத்துகளா, எழுத்துக்களா? நாள்களா, நாட்களா?’ என்பது. ‘கள்’ விகுதியேயன்றித் தனிச்சொல்லன்று; ஆதலின் இருசொல் புணரும்போது மிகுவதுபோல வல்லொற்று மிகவேண்டியதில்லை என்பர் ஒருசாரார். ‘வாழ்த்துக்கள்’ என்றால் வாழ்த்தாகிய கள் என்று பொருள்படும் என நகையாடுவதும் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடைகளைக் கண்ட தலைமுறைக்கு அந்நகை நன்றாகவே விளங்கும். நான் ‘எழுத்துகள்’, ‘நாள்கள்’ என்றே எழுதுகிறேன். ஆயினும் இரு வடிவமும் நல்லோர் எழுத்தில் ஆளப்பட்டு வருதலின், மற்றதைப் பிழையென்று சுழிக்க என் கை எழுவதில்லை. முன்பு எழுந்த கைக்கு நேர்ந்ததைத்தான் மேலே சொன்னேனே.

இவ்வளவும் கேட்டபின், ‘பத்து மரங்கள் சாய்ந்தன’ என்று எழுதும் மாணவனைத் திருத்தவேண்டுமோ என்று சிலர் வினவக்கூடும். வேண்டா. இன்றைய உரைநடையில் அதுவே பெருகிவருகிறது. தொல்காப்பியர் ‘கள்’ளுக்கு இடம் விட்டேயிருக்கிறார். திருத்தவேண்டியது ‘பத்து மரங்கள் சாய்ந்தது’ என்பதை. பேச்சில் ‘சாஞ்சுது’ என்று ஒருமை வினையே எங்கும் வழங்குவதால், பலவின்பால் வினைமுற்று மாணவர் நாவிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. அது எழுத்தில்தான் வாழ்கிறது. வினையில் எண் மங்க மங்கப் பெயரில் ‘கள்’ பெருகுகிறதோ என்று நான் ஐயுறுவதுண்டு. ஏடுகளைத் திருத்தும் அன்பர்கள் ஒரு வகுப்பின் கட்டுரைகளை எடுத்து, ‘அன’ என்னும் முடிவு எத்தனை இடத்தில் வந்துள்ளது, எத்தனை இடத்தில் தவறியது என்று எண்ணிப் பார்க்கலாம். என் சிவப்பு மை இப்போது செல்வது அவ்விடத்திற்கே. அந்தச் சிறுவன் ‘சாய்ந்தன’ என்பதை யாரும் சொல்லித் தராமலே சரியாக எழுதியிருந்தான். அதனை அன்று நான் கவனிக்கவேயில்லை.